வரி கட்டினால்தான் பார்சல்

வெளிநாட்டுப் பார்சலுக்கு வரி வாங்குகிற கவுண்டரில் சந்தோசமாக வந்து நின்ற ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

இணையத்தில் சாமான் வாங்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது தெரிந்த கதைதான். சென்னையிலோ அமெரிக்காவிலோ இருக்கிற கடைக்காரர் வரியைச் சேர்க்காமல் விலையைப் போட்டிருப்பார். மலிவு என்று நீங்களும் பொத்தானை அமத்தி விடுவீர்கள். சாமான் லண்டனில் வந்து இறங்கியதும் வாட் வரி, கஸ்டம்ஸ், எங்கள் கம்பனியின் கூலி எல்லாம் சேர்ந்து காசு கட்டச் சொல்லும் ஒரு கார்டாக உங்கள் வீட்டுக் கதவுக்குள்ளால் விழும். அதைத் தூக்கிக்கொண்டு வெம்பிளியில் இருக்கிற எங்கள் டிப்போவுக்கு வருவீர்கள். யன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவள் நான். நானும் வாங்குகிறவள்தான். என் பார்சல் வந்தாலும் யன்னலைச் சுற்றி அந்தப் பக்கம் போய் வரிசையில் நின்றுதான் கட்டவேண்டும்.

யன்னல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் கனடாக் கடையொன்றில் வாங்கிய குளிர் ஜக்கெட்டுக்காக வந்தார். தொகையைச் சொன்னேன். சம்பளத்துக்கு வரி, வீட்டுக்குக் கவுன்சில் வரி, காருக்கு வரி, இப்ப குளிருக்கும் வரியோ என்று தொடங்கியவர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் கட்டித்தான் எடுத்துக்கொண்டு போனார்.

நான் பின்பக்கம் போய் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். என்னோடு வேலை செய்கிற மைக்கல் அண்ணை, மன்னார் ஆள், ஒரு கோப்பை தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "அந்தாளுக்கு அரசாங்கத்தைப் பேசவேணும் தங்கச்சி. அரசாங்கத்துக்கு யன்னல் இல்லை. உனக்கு இருக்குது."

கூறைச்சீலை

ஹரோவிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல கோட், நல்ல சப்பாத்து, மெல்லிய குரல். காஞ்சிபுரத்துக் கடையொன்றிலிருந்து இணையத்தில் எடுப்பித்த பெட்டி. உள்ளே பட்டுக் கூறைச்சீலை என்று மேலே எழுதியிருந்தது. வரி கொஞ்ச நஞ்சமில்லை. அதைச் சொல்லுவதற்கு முன்னால் மனதை இளக்கலாமே என்று, "வீட்டிலை கலியாணமோ அண்ணை? வாழ்த்துக்கள்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "மகளுக்கு இருந்தது. போன கிழமை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமெண்டிட்டினம்" என்றார். குரலைத் தாழ்த்தி, "நீங்கள் கட்டத் தேவையில்லை அண்ணை. வேண்டாமெண்டு சொன்னா நாங்கள் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவம். காசும் கிடைக்கக்கூடும்" என்றேன். வழமையாக இதைக் கேட்டால் ஆட்கள் உயிர் வந்த மாதிரி நிமிர்வார்கள். இவர் வங்கிக் கார்டை எடுத்து மெசினில் வைத்தார். அது கிர்ரென்று ரசீதைத் தள்ளும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் சொன்னார்: "என்ர மனிசி அந்தக் கடைக்காரப் பிள்ளையோடை வீடியோவிலை கதைச்சுக் கதைச்சுத்தான் இதைத் தெரிஞ்செடுத்தவ. திருப்பி அனுப்பினா ஏனெண்டு அந்தப் பிள்ளை கேக்கும். இன்னொராளுக்கு அதைச் சொல்ல எங்களாலை ஏலாது."

ஜப்பானிலிருந்து வந்தது

கணவரின் பெயருக்கு வந்த பார்சலை எடுக்க ஒரு பெண் வந்தார். கணவரின் அடையாள அட்டை வேண்டும் என்றேன். ட்ரைவிங் லைசன்ஸை வைத்தார், பக்கத்தில் மரணச் சான்றிதழையும் வைத்தார். கணவர் செத்த பிறகு வந்து சேர்ந்த பெட்டி. உள்ளே என்ன என்று தெரியாமல் வரி கட்ட மனைவிக்கு விருப்பமில்லை. லேபிளைப் பார்த்தேன். "மீன் பிடிக்கிற தூண்டில் ரீல் அக்கா" என்றேன்.

"பிழையாக்கும், வடிவாப் பாருங்கோ" என்றார். பிழையில்லை. கணவர் இங்கே வந்த நாள் தொடக்கம் பெற்றோல் நிரப்புகிற செட்டில் கிழமைக்கு ஏழு நாளும் வேலைக்கு நின்றவராம். ஒரு குளத்துப் பக்கம்கூடப் போனதில்லையாம். தை பிறந்ததும் வேலையை விடுகிறதாக இருந்தாராம்.

வரியைக் கட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுமையில்லாமல் கவுண்டரிலேயே பிரித்தார். கைப்பிடியை ஒருதரம் சுற்றினார், அது டிக் டிக்கென்று சத்தம் போட்டது. பின்னால் நின்றவர்கள்கூட அவசரப்படுத்தவில்லை. "வேலையை விட்டா என்ன செய்யப்போறியள் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தனான். சும்மா சிரிப்பார்" என்றவர், இன்னொருதரம் சுற்றிவிட்டுச் சொன்னார்: "இதை நினைச்சுத்தான் சிரிச்சவர்போலை."

அக்காவின் அன்பளிப்பு

அன்பளிப்புக்கும் வரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அனுப்புகிறவர் விலையை உள்ளபடி எழுதிவிட்டால், வாங்குகிறவர்தான் கட்டவேண்டும். டாக்ஸி ஓட்டுகிற ஒருவருக்கு கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிற அக்கா, வயதுக்கு வந்த தம்பி மகளின் சாமத்திய வீட்டுக்கு உடுப்பு வாங்கி அனுப்பியிருந்தார். விலையை ஒரு சதமும் குறைக்காமல் எழுதியிருந்தார். தகப்பனின் வீட்டுக் காணிப் பிரச்சினையில் இரண்டு பேருக்கும் கனகாலமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"தாறதும் தந்து, செலவையும் என்ர தலையிலை கட்டுறா. அவ எப்பவும் இப்பிடித்தான். எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்புங்கோ!" என்றார். யோசித்துவிட்டு வாங்கோ என்று சொல்லிப் பார்த்தேன். உடனே கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். கையெழுத்து விழுந்தால் அன்றைக்கே அனுப்பவேண்டும். அனுப்பினோம்.

சனிக்கிழமை ஓட்டமும் நடையுமாக வந்தார். முதல்நாள் அக்கா தானாகவே போன் எடுத்தாராம். உடுப்புப் பிள்ளைக்கு அளவோ என்றுதான் கேட்டாராம். அதற்குமேல் இரண்டு பேரும் அழுததுதானாம். எவ்வளவென்றாலும் கட்டுகிறேன் என்று கார்டை நீட்டினார். பெட்டி லண்டனை விட்டுப் போய்விட்டது என்று நான் சொல்லவேண்டியிருந்தது. நீட்டிய கையை அவர் எடுக்கவேயில்லை.

"கோவத்திலை எத்தினையோ பேருக்கு எத்தினையோ சொல்லியிருக்கிறன்" என்றார். "உடனை கேட்டு நடந்தது நீங்கள் ஒராள்தான்."

வராத பார்சல்

ஒரு வயதான அம்மா கையில் கார்ட் இல்லாமல் வந்தார். போனைத்தான் நீட்டினார். உங்கள் பார்சலுக்கு வரி கட்டவில்லை, இந்த இடத்தில் அமத்துங்கள் என்று ஒரு மெசேஜ். அமத்தி, வங்கி விபரம் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார். நாங்கள் அப்படி மெசேஜ் அனுப்புவதே இல்லை. மைக்கல் அண்ணை அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தி, வங்கிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். கணக்கை ஏற்கெனவே வழித்துத் துடைத்துவிட்டார்கள்.

"நீங்கள் ஒண்டும் வாங்கேல்லையே அம்மா, பிறகேன் கட்டினனீங்கள்?" என்று கேட்டேன். அவுஸ்திரேலியாவில் ஒரு மகன் இருக்கிறானாம். கலியாணம் செய்த பிறகு கதைப்பதில்லையாம். பார்சல் என்றதும் அவன்தான் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாராம்.

அது கள்ளர் அனுப்பிய மெசேஜ் என்று மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பும்போது என் கையைப் பிடித்தார். "காசு போனது போகட்டும் பிள்ளை. அவன்ர பேரிலை ஏதும் வந்து கிடக்கோ எண்டு, உள்ளுக்கை ஒருக்கால் பாத்துச் சொல்லு."

ஆகவே, அடுத்த முறை நீங்கள் வரி கட்ட வரும்போது யன்னலுக்குப் பின்னால் நிற்கிறவள் முகத்தை உம்மென்று வைத்திருந்தால், தயவுசெய்து வீட்டுக்குப் போய் ஒற்றை ஸ்டார் போட்டு ரிவியூ எழுதிவிடாதீர்கள்.