புளி போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர், ஏதாவதொரு நாள் ஒரு பழைய வெள்ளி ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சூரமங்கலத்து வீட்டுப் படியேறியவர்கள். ஏறும்போது இருந்த முகம் இறங்கும்போது இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வெள்ளி ரூபாயைப் பற்றி எழுதாமல் தீராது.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா நெய் வியாபாரமும் பார்த்துவந்தார். அவர் திடீரென்று காலமானபோது, அண்ணன் கல்லூரிக்கு எழுதிப் போட்டிருந்த நேரம். அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை கிடைத்து, சேலம் சூரமங்கலத்துக்குக் குடிவந்து, என்னைப் படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்த பிறகுதான் தமக்கென்று ஒரு கல்யாணத்தை நினைத்துப் பார்த்தார். அண்ணி வந்த பிறகு அந்த வீட்டில் நான் சத்தம் கேட்டதில்லை. அண்ணிக்கும் சேர்த்து ரேடியோதான் பேசும்.

சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பார்சல் விஷயமாக ஒரு பட்டறைக்குப் போன அண்ணன், உருக்குவதற்காகக் குவித்து வைத்திருந்த பழைய ரூபாய்களைப் பார்த்திருக்கிறார். ராஜா ராணி தலைகளெல்லாம் கண்ணெதிரே கொலுசாகப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. வெள்ளி விலைக்கு மேலே கொஞ்சம் வைத்துக் கொடுத்து, கைக்கு அகப்பட்ட ஒன்றிரண்டை மீட்டுக்கொண்டு வந்தார். அன்று பிடித்த பித்து கடைசிவரை இறங்கவில்லை.

என் கணவர் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழில். போனில் வந்த ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த பழைய ரூபாய்க்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று நம்பி என்னையும் இழுத்துக்கொண்டு சேலம் புறப்பட்டார். காசு கண்ணாடியாட்டம் மின்னியது.

அண்ணன் அதை விளிம்பில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் மாப்ள, இதைத் தேச்சீங்களா?"

"ஆமாங்க மச்சான். அம்மா புளியும் துன்னூறும் போட்டு நல்லாத் தேச்சுக் குடுத்தாங்க. அழுக்கோட கொண்டாந்தா நல்லாவாங்க இருக்கும்?"

"அது அழுக்கில்லீங்க. வெள்ளி தானாக் கருத்திருக்கும். அந்தக் கருப்பு இருந்தாத்தான் வாங்கறவன் நம்பி வாங்குவான். தேச்சா மேல்தோல் போயிருமுங்க. அதுபோக இங்க பாருங்க, வளையம் வெச்சுப் பத்தவெச்ச தழும்பு. மாலையில கோத்திருக்காங்க."

"இருந்தாலும் நூறு வருசக் காசுங்களே?"

"வயசுக்கு யாரும் காசு குடுக்கறதில்லீங்க மாப்ள. அந்த வருசம் எத்தனை அடிச்சாங்க, உருக்குனது போக எத்தனை மிஞ்சுச்சு, அதுதான் பேச்சு. கீழ ஒரு பொட்டுப் புள்ளி இருந்தா ஒரு ஊர்ல அடிச்சது, இல்லாட்டி வேற ஊரு. ஒரே ராசா, ஒரே வருசம். ஒண்ணுக்கு நாலு பேர் போட்டி போடுவாங்க, இன்னொண்ணு கேப்பாரில்லாமக் கெடக்கும்."

"அப்ப இது?"

"வெள்ளி வெலைக்குப் போகுமுங்க."

என் கணவர் காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று வழியெல்லாம் பொருமினார். தீபாவளிக்கு வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார், பிறகு வந்தார். அண்ணனிடம் நானும் கேட்டேன். "காசைப் பத்தி ஒருக்கா பொய் சொல்லிட்டா அப்பறம் யாரு அம்மிணி எங்கிட்டக் கொண்டாந்து காட்டுவாங்க?" என்றார். மற்ற விஷயங்களில் எல்லோரையும்போலப் பூசி மெழுகுகிற மனிதர்தாம். காசு என்று வந்துவிட்டால் அசையமாட்டார்.

அவருடைய பெட்டியில் விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய் ஒன்று இருந்தது. அதில்தான் அவருக்கு உயிர். அந்த வருடத்தில் குறைவாக அடித்தது, அதிகம் கை படாதது, ராணியின் கிரீடத்துப் பூவேலை தேயாமல் அப்படியே நின்றது. நீலமும் கருப்புமாக ஒரு நிறம் ஏறியிருந்தது. சேலத்தில் ஒரு காசு வியாபாரி கேட்டுக்கேட்டு அலுத்துப்போனார், அண்ணன் கொடுக்கவில்லை.

போன வருடம் கல்லீரல் நோய் வந்து அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணி குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தார். நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து பூஜை அறையில் வைத்து, நோயாளி எழுந்து நடமாடினால் கோயில் உண்டியலில் கொண்டுபோய்ப் போடுவது. சாமிக்குக் கொடுப்பது இருப்பதிலேயே உசத்தியாக இருக்க வேண்டும் என்று அண்ணி நினைத்திருக்கிறார். பெட்டியைத் திறந்து அந்த ராணி ரூபாயை எடுத்திருக்கிறார். கருத்துக் கிடந்த காசைச் சாமிக்கு எப்படி முடிவது? புளியும் திருநீறும் போட்டு, பளபளவென்று ஆகும்வரை தேய்த்து, ஈர மஞ்சள் துணியில் முடிந்துவிட்டார்.

இதெல்லாம் எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணன் வீட்டுக்கு வந்து சில நாள் தேறியதுபோல இருந்து, மறுபடி படுத்தவர் எழவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகும் அண்ணி பூஜை அறையில் விளக்கேற்றவில்லை. துக்கம் என்று நினைத்தோம். சோறும் இறங்காமல் பாதி ஆளாகிப்போனார். ஒருநாள் நான் சண்டை பிடித்ததும் மஞ்சள் முடிச்சை எடுத்துவந்து என் மடியில் போட்டார்.

"உங்கண்ணன் ஊட்டுக்கு வந்தன்னைக்கே இதை அவுத்துக் காட்டுனேன் அம்மிணி. கையில வெச்சுப் பாத்துட்டே இருந்தாரு. மூஞ்சியப் பாத்து எனக்குப் பயமாப் போச்சு. தப்புப் பண்ணிட்டனுங்களான்னு கேட்டேன். 'அட போ புள்ள, அது கள்ளக்காசு, போனாப் போகுது'ன்னு சிரிச்சாரு. வேற நல்ல ரூவா முடிஞ்சு வெக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நோவு அவரை இழுத்துக்குச்சு. சாமிக்குப் போயி கள்ளக்காசை முடிஞ்சு வெச்சிருக்கறேன். சாமி எப்படி அவரைப் பொழைக்க வெக்கும்? நாந்தான் கொன்னுட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. உருகப்போன காசை மீட்டு வந்த மனிதர் கள்ளக்காசைப் பொத்திப் பொத்தி வைப்பாரா? என் கணவரைக் கூட்டிக்கொண்டு நேரே அந்த வியாபாரியிடம் போனேன். அவர் எடை போட்டார், விளிம்பைப் பார்த்தார், ராணியின் கழுத்தோரம் இருந்த சின்னக் கீறலை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கீறல் எனக்கு அத்துப்படிங்க. நான் கேட்டுக் கேட்டு உங்கண்ணன் குடுக்காத ரூபாய் இதுதான். அசல் காசுங்க. யாருங்க இதைத் தேச்சது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "இனி வெள்ளி வெலைக்குத்தாங்க போகும்."

என் கணவர் வெளியே வந்து காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கிட்டச் சொல்லாத பொய்யை அங்க சொல்லியிருக்காரு பாரு" என்றார். அவர் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன்.

அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். காசு அசல் என்றும், அதைத் தேய்த்துக் கெடுத்துவிட்டோமே என்று அண்ணி வருந்தக் கூடாதென்றுதான் அண்ணன் அப்படிச் சொன்னார் என்றும் சொன்னேன். அண்ணி ரூபாயை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் சாமிக்கு முடிஞ்சது நல்ல காசா?"

"நல்ல காசு, அண்ணி. வீட்டிலேயே நல்ல காசு அதுதான்."

"காசுல பொய் சொல்லிப் பழக்கமிருந்தாத்தான மனுசனுக்கு" என்றார். "என்னைய நெனச்சுச் சொன்ன பொய்யில என்னையவே வேக வெச்சுட்டுப் போயிட்டாரே." சிரிக்கப் பார்த்து, முடியாமல், முதல்முறையாக வாய்விட்டு அழுதார். அன்று மாலை விளக்கேற்றினார். என் அண்ணன் மேல் எனக்குக் கோபமும் வந்தது, அப்படியொரு அண்ணன் வாய்த்ததற்குப் பெருமையும் வந்தது. இரண்டும் இன்னும் தீரவில்லை.

இந்த நினைவு நாளில் பூஜை முடிந்ததும் அந்த ரூபாயைக் குலசாமி உண்டியலில் சேர்க்கிறோம். எழுந்து நடமாடினால்தானே போட வேண்டும் என்று யாரோ கேட்டதற்கு, "முடிஞ்சது முடிஞ்சதுதானுங்க, சாமி காசை ஊட்டுல வெச்சுக்க முடியுங்களா?" என்று அண்ணி சொல்லிவிட்டார்.

அண்ணன் படுக்கையில் இருந்தபோது மாற்றி மாற்றிக் கண்விழித்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்த பார்சல் ஆபீஸ் நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் சலிக்காமல் கார் ஓட்டிய என் கணவருக்கும், இன்று வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். படியிறங்கும்போது மனம் வருந்திப் போனவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் காசைப் பற்றி அண்ணன் என்ன சொல்லியிருந்தாலும் அது உண்மை. பொய் சொன்னது அண்ணியிடம் மட்டும்தான்.

— தங்கை