பறக்க ஒரு உடுப்பு, இறங்க ஒரு உடுப்பு

“மனுசன்தாங்க! பயப்படாதீங்க, மனுசன்தான்!” என்று கத்திக்கொண்டே இந்திரஜித் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவருக்குப் பின்னால் விழுந்த பெரிய சிவப்புத் துணி இன்னும் காற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் புரள்கிறது. அதைச் சுருட்ட அவர் அவசரப்படுவதில்லை. தலைக்கவசத்துக்கு அடுத்து கறுப்புக் கண்ணாடி, பிறகு கழுத்தில் சுற்றிய துணி, பிறகு கையுறைகள். முகம் முழுதாக வெளியே வந்ததும் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவார். மைதானத்தில் ஒரு மாடு மட்டும் மேய்ந்துகொண்டிருந்தாலும் இதே வரிசைதான், இதே கத்தல்தான்.

தெமோதரையில் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். வயது முப்பத்திரண்டு. வெளிநாட்டுக்காரர்களை வானத்தில் கூட்டிக்கொண்டு போகும் ஒரு கம்பனியில் முதலில் வேன் சாரதியாக இருந்தார். காற்று மாறி எங்கெங்கோ இறங்கிவிடும் பைலட்டுகளைத் தேடிப்போய் ஏற்றிக்கொண்டு வருவதுதான் வேலை. தேயிலைக்குள்ளும் வயலுக்குள்ளும் நின்று கையாட்டுகிறவர்களை நாலு வருடம் ஏற்றிய பிறகு, “நாமளும் ஒரு நாளைக்கி தொலைஞ்சு பார்ப்போமேன்னு ஆசை வந்துட்டுதுங்க” என்கிறார். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன, துணிச் சிறகு வைத்த பழைய கிளைடரில் பறந்து பழகினார். எங்கள் பிள்ளைகள் அதைக் குடை என்பார்கள். பெரியவர்கள் பாரசூட் என்பார்கள். “பாரசூட்னா விழுறதுக்கு. இது போறதுக்குங்க,” என்று சலிக்காமல் திருத்துவார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறைக்கு மேலே இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் தள்ளினால் எங்கள் டிவிசன் மைதானத்தில் இறங்குவார். அவர் பறக்கும் நாட்களில் ஆட்டோவை ஓட்டுவது அவருடைய மனைவி கம்சலா. அவரைத் தேடிக்கொண்டு வளைவு வளைவாக ஏறி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை அவர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பார். அவள் வந்ததும் ஏசிக்கொண்டே அவர் முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிடுவாள். அவருடைய உடுப்பு விஷயமெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

“மேல போனா பல்லு கிட்டிக்கும், கீழ வந்தா வேர்த்து ஊத்தும். ஒரே ஒடம்புக்கு ரெண்டு ஊரு உடுப்பு,” என்பாள். காலையில் உள்ளே இரண்டு பனியன், அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத நீல அங்கி. கணுக்கால் பிசகாமலிருக்க உயரமான பூட்ஸ். கையுறையின் வாயைச் சட்டைக் கைக்குள் திணித்து ரப்பர் பட்டி போட்டுவிடுவாள். பறக்கிற நாளில் அவர் தேநீர் குடிக்க மாட்டார். ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன். கம்சலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நடு வானத்துல எங்க போய் ஒதுங்குறது?”

இறங்குவதற்கான உடுப்பு தனி. மடித்த சட்டை, ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் உறையில் போட்ட அடையாள அட்டை. தெரியாத தோட்டத்தில் இறங்கினால் யாருடைய வாசலுக்காவது போய்த்தான் ஆக வேண்டும். பூட்ஸோடு போக அவருக்குப் பிடிக்காது. “அதக் கழட்டி முடிக்கிறதுக்குள்ள குடுத்த டீ ஆறிப்போயிரும். செருப்புன்னா வாசல்ல விட்டுட்டு சட்டுனு உள்ள போயிரலாம்.” எந்த உடுப்பானாலும் வெள்ளை மட்டும் கூடாது என்பது அவருடைய சட்டம்.

அந்தச் சட்டம் வந்தது எங்களால்தான்.

போன வருடம் மாசி மாதம். அப்போது அவரிடம் இருந்தது தலை முதல் கால் வரை ஒரே துணியாகத் தைத்த வெள்ளை உடுப்பு. பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலைகளில் போடுவது. காற்றுப் புகாது, விலையும் குறைவு என்று பதுளையில் பழைய உடுப்புக் குவியலில் பொறுக்கியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் வரக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்து அப்படி மூடிக்கொண்டு வருகிறவர்கள் குளவிக்கூட்டை அகற்றும் ஆட்கள் மட்டும்தான். வெள்ளை உடுப்பு, முகம் தெரியாத தொப்பி, கையுறை, பூட்ஸ். அவர்கள் கூட்டைத் தொடுவதற்கு முன்பே கங்காணி விசில் ஊதி, கொழுந்து பறிக்கிற எங்களை வெளியே அனுப்பிவிடுவார். விசில் சத்தம் இல்லாமல் வெள்ளை உடுப்பு நம் பக்கம் வந்தால், கூடு கலைந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வாரம்தான் ஏழாம் நம்பர் மலைக்கு மேலே யூக்கலிப்டஸ் மரத்தில் பெரிய கூடு ஒன்றைக் கண்டிருந்தார்கள். அகற்ற ஆள் வரும் என்று வடிவேல் கங்காணி அன்று காலையில் பெயர் கூப்பிடும்போது சொல்லியிருந்தார். பத்து மணி இருக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் புல்லில் ஒருவர் வானத்திலிருந்து இறங்கியது எங்களுக்குத் தெரியாது. மரத்துப் பக்கமிருந்து வெள்ளை உடுப்பு வந்ததைத்தான் பார்த்தோம். பசறை ரோட்டுக்கு வழி கேட்பதற்காக இந்திரஜித் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

“ஓடுங்கடி!” என்று யாரோ கத்தினார்கள். ஓடினோம்.

நாங்கள் ஓடுவதைப் பார்த்து அவருக்கும் பயம் பிடித்துவிட்டது. “பின்னாடி சிறுத்தை வருதுன்னு நெனச்சேங்க. நீங்க சும்மா ஓட மாட்டீங்கல்ல,” என்று பிறகு சொன்னார். திரும்பியே பார்க்காமல் அவரும் எங்களோடு ஓடினார். குளவி பிடிக்க வந்தவரே ஓடுகிறார் என்றால் கூட்டில் எத்தனை ஆயிரம் இருக்கும்! கூடையை விட்டோம், செருப்பை விட்டோம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்துதான் நின்றோம். அங்கே அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தலைக்கவசத்தைக் கழற்றினார். கங்காணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“யோவ், நீ யாருய்யா?”

“பறக்கிறவன்ங்க.”

“குளவி எங்க?”

“எந்தக் குளவிங்க? சிறுத்தை எங்க?”

விஷயம் விளங்க ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கங்காணி மட்டும் விரலை நீட்டித் தலை எண்ணிக்கொண்டிருந்தார். மறுபடி எண்ணினார். இருபத்திரண்டு பேரில் ஒரு ஆள் குறைந்தது. அன்னலட்சுமி அக்காவைக் காணவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குளவி கொட்டி அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தவர். இன்னொரு தடவை கொட்டினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு வண்டு பறந்தால்கூடக் கூடையை விட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார். நாங்கள் ரோட்டுப் பக்கம் ஓடியபோது அவர் கீழ்ப் பக்கம் ஓடியதை ஒருத்தி பார்த்திருந்தாள். ஏழாம் நம்பர் மலை கீழே ஒரு பாறையில் போய் முடிகிறது. பாறைக்கு அப்பால் முப்பதடிப் பள்ளம்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடியது இந்திரஜித்தான். “அக்கா! அக்கா!” என்று நிரை நிரையாகத் தேடினார். நாங்கள் மேலே பரவி நின்றோம். கங்காணி பழக்கத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், பயந்துபோய்க் கீழே விட்டார். விசில் கேட்டால் அக்கா இன்னும் ஓடுவார். அப்போதுதான் கீழே தேயிலைச் செடிகள் அசைவதைப் பார்த்தேன். வெள்ளை உடுப்பு இடப் பக்கம் இறங்கினால் அசைவு வலப் பக்கம் கீழே போனது. அவர் வலப் பக்கம் திரும்பினால் அசைவு இன்னும் கீழே போனது. கங்காணியிடம் போய் அதைக் கை நீட்டிக் காட்டினேன்.

“தம்பி, நில்லு!” என்று அவர் கத்தினார். “ஒன்னப் பாத்துத்தான் அது கீழ கீழ போகுது! உடுப்பக் கழட்டுய்யா!”

“இங்கயா?”

“பின்ன, பதுளைக்குப் போயா?”

இந்திரஜித் மேலே நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து ஜிப்பை இழுத்து, வெள்ளை உடுப்பை உரித்து எடுத்தார். உள்ளே கம்சலாவின் ஊதா நிற சுவெட்டர், முத்துப் பொத்தான் வைத்தது. கீழே, வெளிநாட்டுப் பெண் யாரோ போட்டுக் கழித்த ரோஸ் நிறக் கம்பளிக் கால்சட்டை, தொடையோடு ஒட்டிக்கொண்டு. எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் வெள்ளையைச் சுருட்டி, வெளியே தெரியாமல் அதன் மேல் உட்கார்ந்தார்.

“அக்கா, குளவி இல்லக்கா. நான் வழி கேக்க வந்தவன். எம் பேரு இந்திரஜித். தெமோதரையில ஆட்டோ ஓட்டுறேன். பச்சை ஆட்டோ. பொண்டாட்டி பேரு கம்சலா. காலையில ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன்க்கா, டீ குடிக்கல...”

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். செடிகள் அசையவில்லை. நெடுநேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆட்டோக்காரன் இங்க ஏன் வந்த?”

“காத்து தள்ளிட்டுதுக்கா.”

“எழும்பி நில்லு, பாப்பம்.”

அவர் எழும்பி நின்றார். தண்ணீர் போக வெட்டிய கானுக்குள்ளிருந்து அக்காவின் தலை மெல்ல உயர்ந்தது. அவருக்குப் பின்னால் நாலு எட்டில் பாறை முடிந்துவிட்டது. அக்கா ஊதா சுவெட்டரைப் பார்த்தார், ரோஸ் கால்களைப் பார்த்தார், பிறகு தவழ்ந்து மேலே வந்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். கங்காணி நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மேலேயிருந்து ஒருத்தி கத்தினாள், “அக்கோவ், மாப்பிள்ளை ஜோராத்தான் வந்திருக்காரு!” அதுவரை அடைத்திருந்த சிரிப்பெல்லாம் உடைந்தது. சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். இந்திரஜித்துக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சுவெட்டரைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்தார். அது இடுப்புக்குக் கீழே வரவில்லை.

அன்னலட்சுமி அக்கா சிரிக்கவில்லை. இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் படங்கை எடுத்தார். கொழுந்து பறிக்கும்போது செடி குத்தாமலிருக்க நாங்கள் சுற்றிக்கொள்ளும் தடித்த துணி அது. ஒட்டியிருந்த மண்ணை இரண்டு தடவை உதறினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, படங்கு பிடித்த கையை மட்டும் அவரிடம் நீட்டினார். கையுறை போட்ட இரண்டு கைகளாலும் அதை இந்திரஜித் வாங்கிக்கொண்டார்.