காதர் இல்லையென்றால் நிறுத்து

இன்று காலை கம்ப்யூட்டரின் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு பிடி தோல் தூள் கொட்டியது. கறுப்பு, தவிட்டு நிறம், நடுவில் கொஞ்சம் கருநீலம். எங்கள் பட்டறைக்குக் கருநீலத் தோல் வந்தது ஒரே ஒரு முறைதான். அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

ஐந்தாம் வகுப்போடு திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்தவன் நான். தோல் பை பட்டறையில் பசை தடவும் வேலை. பல வருடம் கழித்துப் பட்டறைக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. தூசி படாமல் துணி போட்டு மூடுவது என் பொறுப்பு. துணியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் அப்படியே வந்தது. மாட்டுங்கா நடைபாதையில் வாங்கிய புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டு வருடத்தில் ஒரு புரோகிராம் எழுதினேன். இன்ன பை இத்தனை என்று சொன்னால், எந்தத் துண்டை என்ன அளவில் வெட்டுவது என்று சீட்டு அடித்துக் கொடுக்கும்.

அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். பையின் மூடியை ஃபிளாப் என்று வாயால் சொல்வோம்; இங்கிலீஷில் அதற்கு எழுத்துக்கூட்ட எனக்கு வராது. யாரிடமாவது கேட்கவும் கூச்சம். மூடி வெட்டுகிறவர் காதர் அண்ணன், ஆகவே மூடிக்குக் 'காதர்' என்றே பெயர் வைத்தேன். கைப்பிடி வெட்டுகிறவர் சின்னக்காதர், கைப்பிடிக்கு அவர் பெயர். உள்துணிக்கு மாரியப்பன். மூடியின் அளவு இல்லாமல் சீட்டு அடிக்கக் கூடாது என்பதற்கு, 'காதர் இல்லையென்றால் நிறுத்து' என்று ஒரு வரி.

காதர் அண்ணனிடம் அதைச் சொன்னேன். "ஏலே, நான் லீவு போட்டா மெசினுக்கும் லீவா?" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியோடு செம்பூர், மாட்டுங்கா தெருக்களில் படம் எடுக்கத் திரிவேன். ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க நாக்கு எழாது. அதனால் எல்லாம் முதுகுகள். பட்டறை ஆட்களையும் அப்படித்தான் எடுத்தேன். வலைப்பூ ஒன்று தொடங்கி, அந்தப் படங்களையும் புரோகிராம் கதைகளையும் போட்டேன். முதுகுகளைப் பேச வைக்கிறீர்கள் என்று ஒருவர் பாராட்டி எழுதினார். கூச்சத்துக்கு இப்படியும் ஒரு மரியாதை உண்டு போல.

அவர் மாட்டுங்காவில் சின்ன மென்பொருள் அலுவலகம் வைத்திருந்தார். படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒன்றாம் தேதி வந்து சேருங்கள் என்று அடுத்த மடலில் எழுதினார். அங்கே ஜன்னல் இருக்குமா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. எங்கள் பட்டறையில் ஜன்னல் கிடையாது.

முதலாளியிடம் சொன்னேன். "தாராளமாப் போடே," என்றார். "மெசின மட்டும் ஒருத்தர் கையில ஒப்படைச்சிட்டுப் போ."

பொறுப்பை வாங்கிக்கொள்ள அவருடைய மருமகள் ரஷீதா டிராம்பேயிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டர் பொறியாளர். திரையைப் பார்த்ததும் புருவம் ஏறியது; என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், யே காதர் கோன் ஹை? யாரு இந்தக் காதர்? காதர் ஒம்பது இஞ்ச்னு போட்டிருக்கு!"

"ஒம்பது இஞ்சா? எம்மா, நான் அஞ்சரை அடியாக்கும்," என்றார் பின்னால் நின்ற காதர் அண்ணன்.

ரஷீதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பேரையெல்லாம் மாத்திக் குடுங்க அங்கிள். இப்படி இருந்தா உங்களத் தவிர யாரும் தொட முடியாது."

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. ஃபிளாப் என்பதற்கு அவளிடமே எழுத்துக் கேட்டுக்கொண்டு, காதர் வருகிற இடத்திலெல்லாம் அதைப் போடும்படி ஒரே கட்டளை கொடுத்தேன். சின்னக்காதருக்குள்ளும் ஒரு காதர் இருப்பதை மறந்துபோனேன். கைப்பிடியின் பெயர் சின்னஃபிளாப் என்று குலைந்தது; அளவுப் பட்டியலில் அப்படி ஒரு பெயரே கிடையாது. மறுநாள் அடித்த சீட்டில் கைப்பிடிக்கான வரியே இல்லை.

எண்பது கருநீலப் பைகள். கைப்பிடிக்கு ஆக வேண்டிய தோலைக் கழிவு என்று மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள்.

"கைப்பிடி இல்லாம ஒரு பையாவே?" என்று முதலாளி கத்தினார்.

"சீட்டுல இல்ல சேட். ஃபாரின் ஆர்டர்லா, கக்கத்துல இடுக்கிக்கிடுவாகன்னு நெனச்சேன்," என்றார் சின்னக்காதர்.

அதே சாயத்தில் வேறு தோல் கிடைக்கவில்லை. முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த வேகத்திலேயே போயிருப்பேன். "இதச் சரி பண்ணிட்டுப் போடே," என்று மட்டும் சொன்னார்.

பழைய பெயர்களைத் திரும்ப வைத்து, ஒவ்வொரு பை வகையின் சீட்டையும் சரிபார்ப்பதற்குள் ஒன்றாம் தேதி போய்விட்டது. இன்னும் பதினைந்து நாள் பொறுக்க முடியுமா என்று மாட்டுங்காக்காரருக்கு ஒரு வரி எழுத வேண்டும். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அனுப்பவில்லை. கேட்க நாக்கு எழாதவனுக்கு விரலும் எழாது. அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

வலைப்பூ இருந்த இலவசத் தளத்தைப் பிறகு மூடிவிட்டார்கள். கைப்பேசியில் இடமில்லாமல் படங்களை அங்கே மட்டும்தான் வைத்திருந்தேன். மாரியப்பன் மான்குர்தில் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். சின்னக்காதர் ஊரோடு போனார். காதர் அண்ணன் மௌத்தாகிவிட்டார். அவர் முகத்தை நான் ஒரு படம்கூட எடுத்ததில்லை. எடுத்த முதுகும் இப்போது இல்லை.

பெயர்களை அதற்குப் பின் நான் தொடவில்லை. காலையில் திறந்ததும் புரோகிராம் முதலில் காதர் இருக்கிறாரா என்று பார்க்கிறது. இருக்கிறார் என்று கண்டுகொண்டு சீட்டை அடிக்கிறது. அதைக் கிழித்துக்கொண்டு வெட்டுமேசைக்குப் போகிறேன்.

என் பெயர் அதில் ஒரு வரியிலும் கிடையாது. ஆனாலும் நான் ஒரு நாள் வராவிட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது.