படிகாரம்

அப்பாவின் நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தபடிதான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய அலுமினாத் தூளைத் தண்ணீரில் கலந்தால், அந்தத் தண்ணீர் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். ஆனால் தூள் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். நான் கலந்ததெல்லாம் சில நாளில் படிந்துவிடும். புதிதாகக் கலந்தது எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்க்க, அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த சமையலறை ஜன்னலில் வைத்தேன்.

குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால் படிகாரம் போட்டுத் தெளியவைப்பது அம்மாவின் வழக்கம். மறுநாள் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது பாட்டில் தண்ணீர் தெளிந்திருந்தது. தூள் மொத்தமும் அடியில் கிடந்தது.

"பால் மாதிரி ஒரே கலங்கலா இருந்துச்சு. படிகாரம் போட்டேன். இப்ப எப்படித் தெளிஞ்சிருக்கு பாரு" என்றாள் அம்மா.

கோபம் தலைக்கேறியது. ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? இரண்டு நாள் கழித்துத் தானாக நடக்க இருந்ததை அவள் சீக்கிரம் முடித்துவிட்டாள், அவ்வளவுதான்.

மறுபடி கலக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டமும் வரவில்லை. அந்தப் பாட்டிலில் அம்மா நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள்.