சவுரிராயனின் மூன்று மணி நேரம்

திண்டிவனத்தில் லாரி ஓட்டிய சவுரிராயனிடம் போருக்கு முந்திய ரேஸ் கார் ஒன்று இருந்தது. 1954-ல் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய பிரெஞ்சு வியாபாரி ஒருவர் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தது. அதை ஓடவைத்தவர் சவுரிராயனின் சிநேகிதர் வேங்கடேசன், விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். கிடைக்காத பாகங்களைத் தன் கையாலேயே கடைந்து போட்டார்.

சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரப் பந்தயம் நடக்கும். முதல் வருஷம் கியர் உடைந்தது. அடுத்த வருஷம் அச்சு. மூன்றாம் முறை, 1959-ல், இரண்டு மணி நேரம் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது. சவுரிராயன் வண்டியை ஓரங்கட்டினார்.

"கொஞ்சம் ஆறட்டும், சவுரி" என்றார் வேங்கடேசன்.

"ஜல்தியா தொறப்பா. மூணு வண்டி தாண்டிப் போயிடுச்சி."

மூடியைத் திருகியதும் வெந்நீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. வேங்கடேசனுக்கு இரண்டு கண்ணும் போயின. ஷெட் வேலையும் போனது. மனைவி தையல்நாயகி ரயிலடியில் இட்லி விற்றுக் குடும்பத்தை நடத்தினாள்.

சில மாதம் கழித்து, வண்டியை விற்றுவிடப் போவதாகச் சொல்லச் சவுரிராயன் விழுப்புரம் போனார். மன்னிப்புக் கேட்கவும்தான் போனார், வாய் வரவில்லை.

"ஒரு தபாகூட முடிக்காம விப்பியா?" என்றார் வேங்கடேசன். "அப்ப என் கண்ணு எதுக்குப் போச்சி?"

அதனால் ஓட்டினார். ஒவ்வொரு வருஷமும் வேங்கடேசனையும் அழைத்துப்போய் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சத்தத்தை வைத்தே அவர் கோளாறு சொல்வார். அடுத்த மூன்று வருஷமும் வண்டி பாதியில் நின்றது. 1963-ல் நிற்கவில்லை. ஜெயித்தவரைவிட இருபத்தெட்டுச் சுற்று குறைவு, எல்லோருக்கும் கடைசி. ஆனாலும் மூன்று மணி நேரம் முடிந்து கொடி இறங்கும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார் வேங்கடேசன்.

"இல்லப்பா. முடிஞ்சிடுச்சி."

அன்று இரவே சவுரிராயன் அவரை விழுப்புரத்தில் கொண்டுவந்து விட்டார்.

தையல்நாயகி அவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "முடிச்சிட்டீங்க இல்லண்ணே. இனிமே இவர அழைச்சிக்கினு போவாதீங்க. அங்க போய் வந்தா ஒரு மாசம் யார்கிட்டயும் பேசமாட்டாரு. சோறும் எறங்காது. நான்தான் பக்கத்துல இருந்து பாத்துக்கினு இருக்கேன்."

சவுரிராயனுக்கு அது தெரியாது. இத்தனை வருஷமும் வேங்கடேசனுக்காகத்தான் ஓட்டுவதாக நினைத்திருந்தார். சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த மாதம் வண்டியை விற்றுவிட்டு வந்து சொன்னார்.

"வாங்கினவரு ஓட்டுவாராமா?" என்றார் வேங்கடேசன்.

"இல்லப்பா. பங்களா வாசல்ல அழகுக்கு நிறுத்தப் போறாராம்."

வேங்கடேசன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.