குரங்கணிக்கு மேலே வந்த தூசி

மணி ஒன்றேகாலானால் பொற்கொடி கையைக் கழுவிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார்; தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கும். கையில், வெயில் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று காட்டும் சிறு கருவி. ஒன்றரைவாக்கில் செயற்கைக்கோள் போடிநாயக்கனூரைக் கடக்கும். கீழேயிருந்து யாராவது கூப்பிட்டால், “செத்த பொறுங்க, அது போயிரட்டும்!” என்பார், ஏதோ தேவாரம் ஊருக்குப் போகிற பஸ்சைச் சொல்வதுபோல.

நாற்பத்தொரு வயது. மதுரைக் கல்லூரி ஒன்றின் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. அரபுப் பாலையில் கிளம்பும் புழுதிப்புயல் கடல் தாண்டி இந்த ஏலமலைவரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். தரையின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் இரண்டு அகச்சிவப்பு அலைவரிசைகளில் அளந்து அனுப்பும். பொற்கொடி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார். மெல்லிய மேகமென்றால் விடை பூஜ்யத்துக்கு மேலே, தூசியென்றால் கீழே.

போன ஜூனில் மலையடிவார ஊரான குரங்கணிக்கு மேலே விடை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. திட்டத் தலைவர் அன்புச்செல்வன் ஏற்கவில்லை. “மலை மேல இந்தக் கழித்தல் ஏமாத்தும்மா. தரையில சான்று வேணும். இல்லேன்னா அந்த நாளைக் கணக்குலேருந்து நீக்கிருங்க.”

அடுத்த புயல் கடலுக்கு வந்ததைப் படத்தில் பார்த்ததும் மலைக்கு லோடு ஜீப் ஓட்டும் வீரணனோடு குரங்கணிக்கு மேலே போனார். தூசி ஒட்டிக்கொள்ள வாசலின் களிம்பு தடவிய கண்ணாடித் தகட்டை வழியோரப் பாறைமேல் வைத்துவந்தார். இரண்டு நாளில் அதில் செம்பழுப்பாய்ப் படிந்திருந்தது. வீரணனுக்குச் சந்தோஷம். பொற்கொடியோ ரோட்டு மண்ணிலும் ஒரு பொட்டலம் அள்ளிக்கொண்டார். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“யாருக்குத் தெரியப்போகுது தாயி?” என்றார் வீரணன்.

“எனக்குத் தெரியுமேண்ணே. உங்க ஜீப்பு கெளப்புன மண்ண அரபு மண்ணுன்னு எழுதவா?”

அந்த ஜூன் நாளைக் கணக்கிலிருந்து தன் கையாலேயே நீக்கினார்.

இந்த ஆண்டு மறுபடி புயல் கடலுக்கு வந்ததும், வனத்துறை அனுமதியோடு, ஜீப் ரோடு முடிந்த இடத்திலிருந்து வீரணனைக் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்தே ஏறினார். பாதி வழியில் முழங்கால் பிசகியது.

“திரும்பிருவமா தாயி?”

“ஒன்றரைக்குள்ள உச்சியில இருக்கணும். வெரசா நடங்கண்ணே.”

உச்சியில் மேகமில்லை, ஆனாலும் வானம் மோர்போல் வெளுத்திருந்தது. கருவி வழக்கத்தைப்போல் மும்மடங்கு காட்டியது. அங்கே வைத்துவந்த தகட்டை எடுக்க மறுநாளும் அதே காலோடு ஏறினார். வெளிர்மஞ்சளாய், மாவுபோல ஒட்டியிருந்தது. ரோட்டு மண்ணின் சாயலே இல்லை. கழித்தலும் பூஜ்யத்துக்குக் கீழே வந்தது.

பத்து நாள் கழித்து அன்புச்செல்வன் போனில் அழைத்தார். “செயிச்சிட்டீங்கம்மா. படம் முழுசையும் தூசின்னே போட்டு அனுப்பிருங்க.”

“சரிங்க சார்,” என்றார் பொற்கொடி. முழங்காலில் கட்டோடு கணினிமுன் அமர்ந்தார். மலைத்தொடர் முழுக்கத் தூசியைக் காட்டும் சிவப்புக் கட்டங்கள். உழுத காட்டுப் புழுதியும் பறக்கக்கூடிய ராசிங்காபுரம் பக்கத்து ஓரத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அங்கே மூன்று கட்டங்களின் சிவப்பை அழித்து, ‘உறுதியில்லை’ என்று எழுதி அனுப்பினார்.