படம் இல்லாதவர்களின் படம்

மலாயா சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது காஜா பெராங்கில் இருந்த எங்கள் தமிழர் சங்கத்தின் தலைவர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். அப்போது நான் மலாக்கா டவுனில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். வயது இருபத்துமூன்று. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்த் திரும்பி வராத நம் ஆட்களின் போட்டோக்களை, விழா அன்று திரையில் பெரிதாகக் காட்ட வேண்டும் என்றார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தில் உட்கார்ந்து போட்டோக்களை வாங்கினேன். மதியம் வரை ஏழு வந்தன. தோட்ட ஆபீஸ் கிராணிமார் வீட்டுப் படங்கள், கடைக்காரர்கள் வீட்டுப் படங்கள். மரம் வெட்டும் தோட்டத்து ஆட்களிடமிருந்து ஒன்றுகூட வரவில்லை. ஆனால் சயாமுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து மட்டும் இரண்டு லோரி நிறைய ஏற்றிப் போனார்கள். என் அப்பாவும் அதில் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மை போட்டு லயத்து வீட்டுக்குள் படுத்திருந்ததால் அவர் போனதை நான் பார்க்கவில்லை.

அம்மா அப்போது ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"எல்லாரு படமும் காட்டப் போறீங்களாமே?"

"குடுத்தவங்க படம் காட்டுவோம்மா."

"உங்கப்பாவுக்குத்தான் படமே கிடையாதே. அப்ப அவரு வரமாட்டாரா?"

அம்மா அப்பாவைப் பற்றிப் பேசுவதே கிடையாது. அதற்கு மேல் அன்றும் பேசவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் துணிக்கடை பாயிடம் இதைச் சொன்னேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். டவுனில் அவர் வாப்பா காலத்திலிருந்து கடை. அவருடைய அண்ணனும் சயாமில்தான் இறந்துபோனார். அண்ணன் போட்டோ கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தது. பாய் அதை நிமிர்ந்து பார்த்தார்.

"படம் இருந்து மட்டும் என்ன ஆபரேட்டரே? இது பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. எங்க அண்ணன் ஒருநாளும் இப்படி வெறைப்பா நின்னதில்ல. வர்றவங்க எல்லாம் இதத்தான் அவருன்னு நெனச்சிக்கிறாங்க."

கொஞ்ச நேரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "முகமே இல்லாம காட்ட முடியாதா? வெளிச்சம், கலரு, அவ்வளவுதான். பாக்குறவங்க அவங்கவங்க ஆள நெனச்சிக்கட்டும்."

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது மனதில் ஏறிவிட்டது. தினமும் இரண்டு காட்சி படம் ஓட்டுகிறவன் நான். கதை, பாட்டு, சண்டை எதுவும் இல்லாமல் வெறும் வெளிச்சம் ஒரு மனிதனை அழவைக்குமா என்று அதுவரை யோசித்ததே இல்லை.

எதைக் காட்டுவது என்று தெரியாமல் அம்மாவிடமே போனேன். "லோரி போனப்ப நீ என்னம்மா பாத்த?" என்றேன். முறைத்தாள். காரணத்தைச் சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"முகம் தெரியல. எல்லாரும் நெருக்கி நின்னாங்க. செம்மண் தூசி கெளம்பிருச்சு. கித்தா மரத்துக்கு நடுவால வெயிலு வெட்டி வெட்டி அடிச்சுது. வெளக்க அணைச்சு அணைச்சு ஏத்துற மாதிரி. அப்புறம் லோரிக்காரன் மொடக்குல திரும்பிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? வெறும் ரோடு. வெயிலு. நான் நின்னுகிட்டே இருந்தேன்."

அதுதான் பாய்க்கும் எனக்கும் திட்டம் ஆனது. செம்மண் நிறம், வெட்டி வெட்டி அடிக்கும் வெயில், பிறகு வெறும் வெள்ளை.

தியேட்டர் முதலாளியிடம் ஒரு சிறிய புரொஜெக்டர் சும்மா கிடந்தது. அதையும் கழித்துப் போட்ட ஃபிலிம் சுருள்களையும் கேட்டு வாங்கினேன். சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் ஃபிலிமில் இருந்த படமெல்லாம் உரிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் பாய் கொடுத்த சாயத்தைப் பூசினேன். ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. வார்னிஷ் கலந்து பார்த்த பிறகுதான் பிடித்தது. மர நிழலுக்குக் கறுப்பு மையால் கோடு கோடாக இழுத்தேன். காலை நேரம் முழுக்க இதே வேலை. மூன்று வாரம் என் விரல்கள் சிவந்தே இருந்தன.

திரையைப் பற்றி யோசித்தது பாய். மெல்லிய மல் துணி மூன்றை நாலடி இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டோம். வெளிச்சம் முதல் துணியில் அழுத்தமாக விழுந்தது, இரண்டாவதில் மங்கியது, மூன்றாவதில் விரிந்து கலைந்து கிட்டத்தட்ட இல்லாமலே போனது. பாட்டு வைக்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம். பாட்டு வெச்சா பாட்டக் கேட்டு அழுவாங்க" என்றார் பாய்.

வெள்ளையை எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதில்தான் இருவருக்கும் சண்டை. ஒரு நிமிடம் போதும் என்றேன். பாய் ஐந்து நிமிடம் கேட்டார். கடைசியில் மூன்றில் நின்றோம்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு தலைவருக்குப் போட்டுக் காட்டினோம். பொறுமையாகத்தான் பார்த்தார். வெள்ளை வந்ததும் இரண்டு தடவை திரும்பி மெஷினைப் பார்த்தார். முடிந்ததும் எழுந்தார்.

"தம்பி, ஒன் கஷ்டம் புரியுது. ஆனா இது சுதந்திர விழா, சாவு வீடு இல்ல. அதோட இதுல ஒண்ணுமே இல்லியேப்பா."

எனக்குக் கோபம் வந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர் தம்பி படமும் அந்த ஏழில் ஒன்று. விழாவில் ஏழு போட்டோக்களையும் நானே காட்டினேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அம்மா அன்று வரவில்லை.

விழா முடிந்த இரண்டாவது ஞாயிறு, பாய் தன் துணிக் கிடங்கை ஒழித்துக் கொடுத்தார். ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து மூன்று துணிகளையும் தொங்கவிட்டோம். அம்மா தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்குப் பழைய தோட்டத்திலிருந்து இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அநேகமாக எல்லாரும் பெண்கள். நல்ல சேலை கட்டியிருந்தார்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை. "லோரி போன அன்னிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினேன்.

செம்மண் நிறம் துணிகளில் பரவியது. வெயில் வெட்ட ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வெளிச்சத்துக்குக் குறுக்கே போய், வழியனுப்புவதுபோல் கையை உயர்த்தினாள். அவள் கையின் நிழல் முதல் துணியில் கையளவு, அடுத்ததில் ஆளுயரம், கடைசியில் சுவர் முழுக்க. இதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. இன்னொருத்தி எழுந்து கையைத் தூக்கினாள். பிறகு அம்மா உட்பட எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சிலர் துணிகளுக்கு நடுவில் புகுந்து நின்றார்கள். யாரும் வாய்விட்டு அழவில்லை.

வெள்ளை வந்து கொஞ்ச நேரத்தில் ஃபிலிம் அறுந்தது. நுனி படபடவென்று அடித்தது. ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் துணிகள் வெள்ளையாகவே இருந்தன. என் கை சுவிட்சுக்குப் போனது. பாய் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னம் நனைந்திருந்தது. நான் சுருளை மட்டும் கையால் அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. பெண்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். ஒருத்தி போய் ஜன்னல் சாக்கை விலக்கினாள்.

அதற்கப்புறம் அதை நாங்கள் ஓட்டவில்லை. வார்னிஷ் உதிர்ந்து ஃபிலிமும் வீணாகிப்போனது.

படம் ஓட்டிய அன்று நானும் அம்மாவும் காஜா பெராங் வீட்டுக்கு நடந்தே திரும்பினோம். பாதி வழியில், நான் எதுவும் கேட்காமலே, அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாராம். தண்ணீர் என்றால் பயமாம். உஜோங் பாசிருக்குப் போனபோது கடலில் கால் நனைக்கக்கூட மாட்டேன் என்றாராம். பால் வெட்டிக்கொண்டே உரக்கப் பாடுவாராம்.

"கொரலு நல்லாவா இருக்கும்?" என்றேன்.

"எங்க? பக்கத்து நெரையில பால் வெட்டுறவங்க திட்டுவாங்க" என்று அம்மா சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தும் சேலை மாற்றாமல் பேசிக்கொண்டே இருந்தாள். நான் கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.